கொதித்தால் நிற்கும், ஆறினால் ஓடும்

வாகனக் கடன் பற்றி விசாரிக்க வரும் வாடிக்கையாளர்களில் சிலர், பேச்சு முடிந்து எழும்போது, வாசலில் நிற்கும் தமது பழைய வண்டியைச் சுட்டிக்காட்டி, "இதை என்ன செய்யலாம், சார்? வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?" என்று கேட்பதுண்டு. புதிய வண்டிக்குக் கடன் வழங்குவது நமது தொழில். ஆகவே தள்ளிவிடுங்கள் என்று சொல்வது நமக்கு எளிது. ஆயினும் சில ஆண்டுகளாக அப்படிச் சொல்ல நா எழுவதில்லை. நமது வீட்டு வாசலிலேயே 1987ஆம் ஆண்டு வாங்கிய புல்லட் ஒன்று நிற்கிறது.

அது நம் தந்தையார் வாங்கியது. சித்தூரை அடுத்த அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்த அவர், வங்கிக் கடன் பெற்று அதை வாங்கினார். 2019இல் அவர் மறைந்தபின் வண்டி நம் கைக்கு வந்தது. நமக்குப் பணி திருப்பதியில். அன்னையார் இருப்பது சித்தூரில். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கி விடுமுறையாதலால், வெள்ளி மாலை அலுவல் முடிந்ததும் சுமார் எழுபது கிலோமீட்டர் புல்லட்டில் செல்வது வழக்கமாயிற்று. சந்திரகிரி, பனபாகம், பூதலப்பட்டு, காணிப்பாக்கம் பிரியும் சாலை, பிறகு சித்தூர். மே, ஜூன் மாதங்களில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் தொழிற்சாலைகளை நோக்கி வரிசையாகச் செல்லும். அவற்றின் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து செல்லும் வெப்பத்தில்தான் நமது கதை தொடங்குகிறது.

வண்டியைப் பற்றி முதலில் சில செய்திகள். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த நிறுவனம். சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் அதனோடு கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. 1956 முதல் திருவொற்றியூர் ஆலையில் புல்லட்டுகள் உருவாயின. தொடக்கத்தில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன; பிறகு எல்லாமே இங்கே தயாராயின. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூர் தொடர்ந்து உற்பத்தி செய்தது. 1977இல் அந்த இங்கிலாந்துக்கே 350 சிசி புல்லட் ஏற்றுமதியாகத் தொடங்கியது. 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது.

வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய 346 சிசி எஞ்சின், 1950களின் வரைபடத்திலிருந்து பெரிதாக மாறாமல் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை வந்தது. கியர் வலக்காலில், பின்சக்கர பிரேக் இடக்காலில். இன்றைய வண்டி ஓட்டிப் பழகியவர் இதில் ஏறினால், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். நமது மைத்துனர் அவ்வாறு செய்து ஒரு தென்னங்கீற்று வேலியை நலம் விசாரித்துவிட்டு வந்தார்.

கிளப்புவதற்கும் ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல மிதித்து, ஆம்ப் மீட்டரின் முள் நடுவே வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இடக்கைப் பக்கமுள்ள டீகம்ப்ரஷர் நெம்பை இழுத்துப் பிஸ்டனை உச்சத்திலிருந்து சற்றே தாண்டச் செய்து, நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகே முழு மூச்சாக மிதிக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். தந்தையார் இதை வேட்டியோடு செய்வார். நாம் காலணியோடும் கணுக்காலில் தைலத்தோடும் செய்து கற்றுக்கொண்டோம்.

அந்த ஆண்டு ஒரு வெள்ளி மாலை, சந்திரகிரிக் கோட்டை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வண்டி நின்றது. இருமவில்லை, முக்கவில்லை; விளக்கை அணைத்தாற்போல நின்றது. எத்தனை மிதித்தும் பயனில்லை. இருபது நிமிடம் புளியமரத்தடியில் நின்றபின், போகிற போக்கில் ஒருமுறை மிதித்தோம். ஒன்றுமே நடவாததுபோலக் கிளம்பியது! சித்தூர் வரை சிறு குறையும் இல்லை. இரண்டு வாரம் கழித்து, ஏறத்தாழ அதே இடத்தில், அதே போல் நின்றது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட மனத்தைக் குலைக்கும் குறை வேறில்லை. முற்றாகப் பழுதான வண்டியைச் சரிசெய்வது எளிது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனதும் நல்ல பிள்ளையாக ஓடிக்காட்டும் வண்டியை என்ன செய்வது? கார்பரேட்டரை இருமுறை கழுவினோம். பிளக் மாற்றினோம். பெட்ரோல் குழாயை மாற்றினோம். ஒரு பணிமனையில் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும் என்று எஞ்சினையே பிரித்து மாட்டினார்கள். அந்தச் செலவை எழுதிய பக்கத்தை இன்றும் நாம் புரட்டுவதில்லை. அதன் பின் முதல் பயணத்திலேயே வண்டி சந்திரகிரியில் மூன்றாம் முறையாக நின்றது. அந்த இரவு, விற்றுவிடுவது என்று முடிவெடுத்தோம். அன்னையார் எதுவும் சொல்லவில்லை. தங்கை மட்டும் தொலைபேசியில், "உனக்கு எது வசதியோ அப்படிச் செய், அண்ணா" என்றாள். அவள் குரலில் வசதி இல்லை.

இந்த இடத்தில் வணிகவியல் படித்தவரின் கணக்கு ஒன்று. வருமான வரிக் கணக்கில் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் 15 விழுக்காடு தேய்மானம் கழிப்பர். ஒரு பேச்சுக்கு 25,000 ரூபாய் விலையுள்ள வண்டி என்று கொண்டால், முப்பது ஆண்டு கழித்து ஏட்டில் எஞ்சும் மதிப்பு சுமார் 190 ரூபாய். இந்த முறையில் மதிப்பு பூஜ்யத்தை ஒருபோதும் தொடாது என்பது வகுப்பில் நமக்கு வேடிக்கையாகத் தோன்றிய செய்தி. காப்பீட்டிலும் ஐந்து ஆண்டு வரைதான் தேய்மான அட்டவணை உண்டு; அதற்கு மேற்பட்ட வண்டிக்கு உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் பேசி மதிப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சந்தை வேறு கணக்குப் போடுகிறது. வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட்டுகளைத் தேடித் திரியும் இளைஞர்கள் பலர். பெங்களூரிலிருந்து அப்படி ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், ஒலியைக் கேட்டார், நாம் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை சொன்னார். பின்பு ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார்.

அதைப் புரட்டியவர் சற்று நேரம் பேசவில்லை. உரிமையாளர் பெயர் நம் தந்தையாருடையது. அதற்குக் கீழே, 1987இல் கடன் வழங்கிய வங்கியின் பெயரில் ஹைப்பாத்திகேஷன் பதிவு அப்படியே இருந்தது. கடன் முடிந்து முப்பது ஆண்டு ஆகியிருந்தது. பதிவை நீக்கத்தான் எவரும் அலுவலகம் செல்லவில்லை. "சார், நீங்களே பேங்கில்தானே இருக்கிறீர்கள்?" என்றார் அந்த இளைஞர், பணிவாகவே. "பேப்பர் சரிசெய்து சொல்லுங்கள், வருகிறேன்" என்று விடைபெற்றார்.

நமக்கு வியர்த்தது விற்பனை தவறியதால் அன்று. வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தின் நிபந்தனைகளை அன்றிரவுதான் நாம் வரி வரியாகப் படித்தோம். தனி உரிமையாளர் இறந்தால், பத்திரம் அவர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதமோ அல்லது பத்திரக் காலம் முடியும் வரையோ, எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நாமோ மறைந்தவர் பெயரிலேயே ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிவந்திருந்தோம். உரிமையாளர் ஓட்டுநராக இருக்கும்போது அவருக்குரிய தனிநபர் விபத்துக் காப்பு 2018 முதல் 15 லட்சம் ரூபாய். அது பதிவுபெற்ற உரிமையாளருக்குத்தான். அவர் பெயரிலுள்ள வண்டியை ஓட்டும் மகனுக்கு அன்று. மாங்காய் டிராக்டர்களுக்கும் லாரிகளுக்கும் இடையே இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறோம். சாலையில் ஒருவர் மீது மோதியிருந்தால், காப்பீடு உண்டா இல்லையா என்ற வழக்கிலேயே அந்தக் குடும்பமும் நம் குடும்பமும் ஆண்டுகளைக் கழித்திருக்கும். அன்றே வண்டியை நிறுத்திச் சாவியை அன்னையாரிடம் கொடுத்துவிட்டோம்.

வாசகர்களில் பலரது வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருக்கக்கூடும். ஆதலால் நடைமுறையைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். உரிமையாளர் மறைந்தால் முப்பது நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவை தேவை. 2021இல் விதி திருத்தப்பட்டு, வங்கிக் கணக்கில் போலவே ஆர்.சி.யிலும் நியமனதாரர் பெயரைக் குறிக்க வழி செய்யப்பட்டுள்ளது. இதைச் செய்துவைத்தவர் பின்னால் வருபவருக்கு அலைச்சலைக் குறைக்கிறார். ஹைப்பாத்திகேஷன் நீங்க, கடன் கொடுத்த வங்கியின் தடையின்மைச் சான்றும் அவ்வங்கி கையொப்பமிட்ட படிவம் 35உம் வேண்டும். கடைசித் தவணை கட்டியதோடு கடன் முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் பலர். கணக்கில் முடியும், ஆர்.சி.யில் முடியாது. நம் வகையில் கடன் கொடுத்த வங்கி இடையில் வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டதால், கணக்கு முடிந்ததற்கான சான்று கிடைக்கப் பல வாரம் ஆயிற்று. கிளையின் இந்தப் பக்கம் அமர்ந்து, 'அடுத்த வாரம் பாருங்கள்' என்று எத்தனை பேரிடம் நாம் சொல்லியிருக்கிறோம் என்பதை, அந்தப் பக்கம் நின்றபோது எண்ணிப்பார்த்தோம்.

இன்னொன்றும் இருந்தது. சொந்த உபயோக வாகனத்தின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு வண்டியைச் சோதித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிப்பர். தந்தையார் 2002, 2007, 2012, 2017 என்று தவறாமல் செய்திருந்தார். அடுத்த தவணை 2022 ஜூன். காலாவதிக்கு அறுபது நாள் முன்பிருந்துதான் படிவம் 25இல் விண்ணப்பிக்க முடியும். அந்த ஏப்ரல் முதல் தேதியில் மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆயிற்று. தாமதித்தால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல். பசுமை வரி தனி. அதே ஏப்ரல் 4ஆம் நாள் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. நாம் பணிபுரிவது ஒரு மாவட்டம், வண்டி இருப்பது வேறு மாவட்டம் என்று ஒரே வாரத்தில் ஆகிவிட்டது.

சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால் வண்டி நடுவழியில் நிற்காமல் ஓட வேண்டுமல்லவா? அதன் பொருட்டே, தந்தையார் வழக்கமாகச் செல்லும் பழைய மெக்கானிக் ஒருவரைச் சித்தூரில் தேடிச் சென்றோம். எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைக்கிறார்கள். வேலையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்திருந்தவர், நம்மைப் பார்த்ததும், "வாத்தியார் பையனா?" என்றார். வண்டியில் கை வைக்கவில்லை, கேள்விதான் கேட்டார்.

"நிற்கும்போது இருமி நின்றுச்சா, பட்டுன்னு நின்றுச்சா?"

"பட்டென்றுதான், பாய்."

"எவ்வளவு தூரம் போனதும்? திரும்ப ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம்?"

சொன்னோம். "பெட்ரோல் இல்லைன்னா இருமும், சார். கரண்ட் இல்லைன்னாத்தான் பட்டுன்னு நிக்கும். சூட்டுல நிக்குது, ஆறினா ஓடுது. கண்டென்சரா இருக்கும், பார்க்கலாம்" என்றார்.

அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, பாயிண்ட் மூடியைக் கழற்றி, கையால் நிழல் செய்து நம்மைப் பார்க்கச் சொன்னார். தொட்டுப் பிரியும் அந்த இரண்டு சிறு முனைகளுக்கிடையே நீலப் பொறி பளிச்பளிச்சென்று தெறித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவ்வளவு பொறி கூடாது; பொறி வேண்டியது பிளக்கில்.

நடப்பது இதுதான். பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் மின்சாரம் இக்னிஷன் காயிலில் பாய்ந்து காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. உரிய கணத்தில் பாயிண்ட் திறந்து மின்சாரத்தை வெட்டினால், அந்தப் புலம் சட்டென்று குலைந்து, காயிலின் மறுசுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகிறது. ஆனால் ஓடும் மின்சாரம் எளிதில் நிற்பதில்லை. விரைந்து ஓடும் நீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் அதிர்வதுபோல, அது பாயிண்டின் சிறு இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அந்த உந்துதலை வாங்கிக்கொள்ளும் சிறு தொட்டிதான் கண்டென்சர். சுண்டுவிரல் நுனியளவு தகரக் குப்பிக்குள் உலோகத் தாளும் காப்புத் தாளும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் காப்பு தளர்ந்து, சூடேறும்போது மின்சாரத்தைக் கசியவிடுகிறது, ஆறியதும் தேறிவிடுகிறது. சந்திரகிரி வரும்போதுதான் நமது எஞ்சின் அந்தச் சூட்டை எட்டியது. இடத்தின் மீது ஒரு குற்றமும் இல்லை.

மாற்றிய கண்டென்சரின் விலை நூறு ரூபாய்க்குள். பிரித்து மாட்டிய எஞ்சினின் செலவை நினைத்துக்கொண்டே அதைக் கொடுத்தோம். பாய் கூலி வாங்க மறுத்தார், மகன் வாங்கிக்கொண்டார். பழைய புல்லட்டின் பாகங்களுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் இன்றும் கைகொடுக்கின்றன என்றாலும், புதியதெல்லாம் நல்லது என்று கொள்வதற்கில்லை என்பது பாயின் எச்சரிக்கை. ஆகவே ஒன்று வண்டியிலும் ஒன்று கருவிப் பையிலுமாக இரண்டு கண்டென்சர் வாங்கி, இரண்டையும் ஓடவைத்துச் சோதித்த பிறகே வைத்துக்கொண்டோம்.

அதன் பின் நமக்கு வண்டி பிடித்துப்போனதற்குக் காரணம், அது நிற்காமல் ஓடியது மட்டும் அன்று. ஏன் நின்றது என்பது விளங்கிவிட்டது. இன்றைய வண்டியில் குறை ஏற்பட்டால் கணினி பொருத்திப் பார்க்க வேண்டும்; இதில் கண்ணும் காதும் விரலும் போதும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்; கேஜ் தகடு ஒன்று வைத்திருந்தால் நாமே அளக்கலாம். அதன் அடிக்கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து பொறி பிந்தும். வண்டி இழுவை குன்றி, சூடு கூடும். டேப்பட்டை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் சரிபார்க்க வேண்டும்: தண்டு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஒரு ஞாயிறு காலையில் இதை முதன்முறை நாமே செய்து முடித்தபோது வந்த நிறைவு, ஆண்டுக் கணக்கு முடிப்பில் ஐந்தொகை ஒரு பைசா பிசகாமல் ஒத்துவரும்போது வருவதற்கு இணையானது.

எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நிறுத்திய இடத்தில் எண்ணெய்ச் சொட்டு விழுகிறது. வாசல் கோலத்தின் ஒரு மூலை எப்போதும் கறுத்தே இருக்கிறது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் விரைவில் கெடுக்கிறது. எத்தனால் ஈரத்தையும் ஈர்ப்பதால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதும் தகாது. புகைச் சான்றைப் புதுப்பிக்கும் நாளை மறந்துவிடுகிறோம். இந்தச் செலவுகளுக்கென்று மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் போட்டுவருகிறோம். ஆண்டு முடிவில் முதிரும் தொகை டயர், பேட்டரி, காப்பீடு ஆகியவற்றுக்குப் போதும். எதுவும் ஆகாத ஆண்டில் மீதியும் நிற்கிறது. இத்தகைய வண்டிக்குக் கடன் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

அலுவலிடை ஓர் உண்மை: தினமும் குறித்த நேரத்துக்கு ஓரிடம் சேரவேண்டியவருக்கு இது ஏற்ற வண்டியன்று. வீட்டில் வேறொரு நம்பகமான வண்டி இருந்து, வாரம் ஒரு மணி நேரம் கையை அழுக்காக்க மனமும் இருந்தால் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லாதவர், ஆவணங்களைச் சரிசெய்து, விரும்பித் தேடுகிறவருக்கு விற்றுவிடுவதே வண்டிக்கும் நல்லது.

2022 ஜூனில் புதுப்பித்த ஆர்.சி. நம் பெயரில் வந்தது. ஹைப்பாத்திகேஷன் இடம் வெறுமையாக இருந்தது. பெங்களூர் இளைஞருக்குத் தொலைபேசி செய்து, விற்பதாக இல்லை என்றோம். அவர் சிரித்தார். "அன்றே தெரியும், சார். நீங்கள் சாவியைக் கொடுக்கும்போதே கை வரவில்லை" என்றார்.

காணிப்பாக்கம் விநாயகர் கோயிலுக்குப் புதுவண்டிகளை மாலை சூட்டிக் கொண்டுவருவது வழக்கம். முப்பத்தைந்து வயது வண்டியை அன்னையாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அங்கே நிறுத்தியபோது, பூசைக்கு நின்ற புதுக் கார்களின் சொந்தக்காரர்கள் இறங்கிவந்து சுற்றிப் பார்த்தார்கள். அன்னையார் எதுவும் பேசவில்லை. திரும்பும் வழியில் மட்டும், "அப்பா இந்தத் திருப்பத்தில் மூன்றாவது கியருக்கு வந்துவிடுவார்" என்றார்.

சென்ற மாதம் பூதலப்பட்டில் தேநீர் அருந்திவிட்டுக் கிளம்பிய ஒரு கிலோமீட்டரில் வண்டி மறுபடி நின்றது. இம்முறை இருமி நின்றது. சாலையோரம் இறக்கி நிறுத்தி, கருவிப் பையைத் திறந்து, கண்டென்சரைக் கையில் எடுத்த பிறகே பாயின் கேள்வி நினைவுக்கு வந்தது. குனிந்து பார்த்தோம். தேநீர்க் கடையில் மூடிய பெட்ரோல் குழாயைத் திறக்க மறந்திருந்தோம்.